மகளைப் பார்க்க ஜேர்மனி போகிறோம்: மார்ச்சா, ஏப்ரலா?

உப்புவெளி ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மூத்த மகள் டோர்ட்முன்டில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள், போய் ஒரு வருஷமாகிறது. 2027 வசந்த காலத்தில் நானும் இவரும் சின்னவனும் ஒரு மூன்று கிழமைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் என்றால் பூ பூத்திருக்கும், குளிரும் கொஞ்சம் விட்டிருக்கும், சித்திரை வருஷப்பிறப்பையும் பிள்ளையோடு கொண்டாடலாம் என்பது என் கணக்கு. அவளோ மார்ச்சில் வாங்கோ என்கிறாள். ஏன் என்று கேட்டால் "ஏப்ரலில் எனக்கு நேரமில்லை அம்மா" என்ற ஒரே பதில்தான். வீடியோவில் கதைக்கும்போதும் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுச் சாமான் கழுவிக்கொண்டிருப்பாள், பாதி நேரம் நான் பார்ப்பது அவளுடைய முகத்தையல்ல, கூரையை. வரவேண்டாம் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறாளோ என்று மனதுக்குள் கிடக்கிறது.

அப்புறம் வேறு சில விஷயங்கள். விசாவுக்கு மகள்தான் ஸ்பொன்சர் பண்ணவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், படிக்கிற பிள்ளை எங்கே போவாள்? மூன்று பேரும் அவளுடைய அறையிலேயே தங்கலாமா? கருவேப்பிலை, முருங்கையிலை, நெய், கருவாடு கொண்டுபோக விடுவார்களா? இவரிடம் நுவரெலியாவில் வாங்கிய சுவெட்டர் ஒன்று இருக்கிறது, இருபது வருஷமாகப் பூச்சி உருண்டையோடு அலுமாரிக்குள் கிடக்கிறது, அது போதும் என்கிறார்.

லிங்கநகர் பெடியன்

ரீச்சர், நானும் திருமலைதான், இப்போது டோர்ட்முன்டில் படிக்கிறேன். மகள் சொல்வது சரி. இங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் பெப்ரவரி தொடக்கத்தோடு முடிந்துவிடும், அடுத்த செமஸ்டர் ஏப்ரல் முதல் பாதியில் தொடங்கி ஜூலை வரை ஓடும். நீங்கள் சொல்கிற வருஷப்பிறப்பு நேரம் புதுப் பாடங்களுக்குப் பதிவு, ஆய்வுகூடக் குழு பிரிப்பு என்று தலை சுற்றுகிற நேரம். மார்ச்சிலும் சிலருக்கு ஒன்றிரண்டு பரீட்சை விழும், அதனால் அவளுடைய பரீட்சைத் திகதி தெரிந்த பிறகு டிக்கெட் எடுங்கோ.

அவள் சொல்லாத இன்னொன்றும் இருக்கலாம். எங்களில் கனபேர் பகுதிநேர வேலைக்குப் போகிறோம். மாணவருக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி, விடுமுறையில்தான் முழு நாளாகச் செய்து காசு சேர்ப்போம். அந்த மார்ச் மாதத்தில் உங்களை வரச் சொல்கிறாள் என்றால் வேலையை விட்டுக்கொடுத்துத்தான் கூப்பிடுகிறாள்.

சாமான் கழுவுவது பற்றி: பொதுக் குசினியாக இருக்கும். எங்கள் விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு குசினி, சமைத்த கையோடு கழுவாவிட்டால் அடுத்த ஆள் கதவில் துண்டு ஒட்டிவிட்டுப் போவான். அறையும் அப்படித்தான், கட்டிலும் மேசையும் போக ஒரு பாய் விரிக்க இடமிருக்கும். மூன்று பேர் மூன்று கிழமை முடியாது, விருந்தினர் தங்குவதற்கும் விடுதியில் கட்டுப்பாடு இருக்கும். கிட்டவாகச் சின்ன அப்பார்ட்மென்ட் ஒன்று வாடகைக்கு எடுங்கோ, சமைத்தும் சாப்பிடலாம்.

போக்குவரத்துக்கு டொய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் நாடு முழுக்க பஸ், டிராம், சாதாரண ரயில் எல்லாவற்றிலும் போகலாம், ஐசிஇ போன்ற வேக ரயில்களில் மட்டும் ஏற முடியாது. 2026இல் ஆளுக்கு மாதம் 63 யூரோ. அது முதலாம் திகதியிலிருந்து மாதக் கடைசி வரை. மார்ச் 20 வந்து ஏப்ரல் 10 போனால் இரண்டு மாதக் காசு. மார்ச்சுக்குள்ளேயே வந்து போனால் ஒன்றோடு முடியும். அது சந்தா என்பதால் அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்தவேண்டும், மகளிடம் ஞாபகப்படுத்துங்கோ. நான் என் மச்சானுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு மறந்து, அவன் ஊருக்குப் போன பிறகு ஒரு மாதம் காசு கட்டினேன்.

நிலாவெளி அப்பா

நாங்கள் மகனிடம் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதல் தடவை கொழும்பில் ஒரு ஏஜென்டை நம்பிக் கொடுத்தோம், அவர் இல்லாத ஹோட்டல் பதிவைப் போட்டு அனுப்பினார், விசா மறுப்பு. கட்டின காசு திரும்பி வராது. இரண்டாம் தடவை மகனும் நானும் இருந்து நாங்களே நிரப்பினோம், கிடைத்தது.

ஸ்பொன்சர் கதையை விடுங்கோ. அந்த ஸ்பொன்சர் உறுதிக் கடிதம், உங்கள் செலவை ஏற்பதாக வருமானம் உள்ளவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் ஒப்பமிடுவது. படிக்கிற பிள்ளை தன் விசாவுக்காகப் போட்டு வைத்து மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கிற முடக்கப்பட்ட கணக்கில் கிடக்கிற 11,904 யூரோ அவள் ஒரு வருஷம் சீவிக்கத்தான், அதைக் காட்டி உங்களைக் கூப்பிட முடியாது. உங்கள் வங்கிக் கணக்கு, ஓய்வூதியக் கடிதம், காணி உறுதி, இவற்றைக் காட்டுங்கோ. மகள் ஒரு அழைப்புக் கடிதமும் பல்கலைக்கழகப் பதிவுப் பத்திரமும் அனுப்பினால் சரி. திடீரென்று கணக்கில் பெரிய தொகையைப் போடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்கு முன்பாவது. நேரம் ஒதுக்குவதுதான் இழுபடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும், அது 59 மாதத்துக்குச் செல்லும். 2025 ஒக்டோபரிலிருந்து அங்கே எல்லையிலும் முகப் படம் எடுத்துக் கைரேகையைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்கள், வரிசை மெல்லத்தான் நகரும்.

கூட நாள் தங்குவது ஜேர்மனியில் என்றால் ஜேர்மன் விசாதான் எடுக்கவேண்டும், அதையே வைத்து நெதர்லாந்தும் போய்வரலாம். நம்ம திருமலை பிரெட்ரிக் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தர் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்து இறங்கினார்கள், அவர்களுடைய டியூலிப் பூவைப் பார்க்க நாங்கள் ஆளுக்கு 90 யூரோ கட்டுகிறோம்.

ஹம் பக்கத்து அக்கா

ரீச்சர், நான் இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல். பூ விஷயத்தில் உங்களை ஏமாற்ற மாட்டேன்: மார்ச்சில் குரோக்கஸும் டஃபொடிலும்தான், மரங்கள் அநேகம் மொட்டைதான். பொன் (Bonn) என்கிற நகரத்தின் செர்ரிப் பூத் தெரு ஏப்ரலில், டியூலிப் வயல் ஏப்ரல் நடுப்பகுதியில். அதற்காக மகள் வகுப்பிலிருக்க நீங்கள் மூன்று பேரும் தனியாகப் பூப் பார்த்துத் திரிவதா என்பதை நீங்களே யோசியுங்கோ.

மார்ச் பகலில் பத்துப் பாகை இருந்தாலே நல்ல நாள், இரவில் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கும், சில நாள் காலையில் வெயில், மத்தியானம் ஆலங்கட்டி. ஐயாவின் சுவெட்டர் உள்ளே போட உதவும், ஆனால் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று வேண்டும். அங்கே தேடி அலையாமல் இங்கே வந்து பழைய உடுப்புக் கடையில் வாங்குங்கோ.

ஐரோப்பாவுக்குள் இறைச்சி, பால் சாமான் கொண்டுவர முடியாது. நெய், பால்கோவா வேண்டாம். கருவாட்டுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள், ஆனால் மூன்று சுற்றுச் சுற்றுங்கோ, இல்லாவிட்டால் சுவெட்டரும் சூடைக் கருவாடு மணக்கும். பச்சையான கருவேப்பிலை, முருங்கையிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், சோதித்தால் பறித்துப் போடுவார்கள். கருவேப்பிலை இங்கே தமிழ்க்கடையில் கிடைக்கும். நீங்களே வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கொண்டு வாங்கோ, அந்த நிறம் இங்கே வராது.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28. பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை பூட்டு, வியாழனே அரிசி பருப்பு வாங்கி வையுங்கோ. அதே ஞாயிறு விடியப்புறம் மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், ஊரோடு நாலரை மணி வித்தியாசம் மூன்றரையாகும்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கட்டாயம் வாங்கோ, எங்கட ஆட்கள் எழுப்பிக் கட்டி 2002இல் கும்பாபிஷேகம் செய்த கோயில், பெரிய கோபுரம். டோர்ட்முன்டிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் ஹம் வந்து பஸ் எடுக்கலாம். தேர் கோடையில்தான், மார்ச்சில் சனமில்லாமல் ஆறுதலாகக் கும்பிடலாம்.

உப்புவெளி ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதினதை வாசித்துவிட்டு நேற்று இரவு அவளிடம் நேரடியாகக் கேட்டேன், வேலைக்குப் போகிறாயா என்று. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பைப்பைப் பூட்டிவிட்டு வந்து போனைக் கையில் எடுத்தாள். பேக்கரி ஒன்றில் விடியற்காலை வேலையாம், ஏழு மாதமாக. சொன்னால் அப்பா தூங்க மாட்டார் என்று சொல்லவில்லையாம். மார்ச் 8ஆம் திகதியிலிருந்து லீவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

இவர் சுவெட்டரை வெயிலில் போட்டிருக்கிறார். எனக்கு இப்போது ஒரே கேள்வி: பயற்றம்பணியாரம் எத்தனை நாள் தாங்கும்? குசினியில் இருக்கிற எட்டுப் பேருக்கும் கொண்டு வரச் சொல்கிறாள்.

லிங்கநகர் பெடியன்

ரீச்சர், எங்கள் குசினியிலும் எட்டுப் பேர்.