வால்வு ஆம்ப் சரிசெய்பவர் பெங்களூரில் யாராவது?

நண்பர்களே, கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பழுது பார்ப்பவர் யாரையாவது தெரியுமா? அல்சூர் பக்கம் என்றால் ரொம்ப நல்லது. என்னுடையது 15 வாட், இரண்டு ஈஎல்84 வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்) போட்டது. ஐந்து நிமிடம் வாசித்தால் சத்தம் உள்வாங்கிவிடுகிறது, கூடவே படபடவென்று ஒரு வெடிப்பு. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், "வால்வை எடுத்துட்டு டிரான்சிஸ்டர் போர்டு வெச்சுடலாம் சார்" என்றார்கள். அதற்குச் சும்மாவே இருக்கலாம்!

எனக்குப் பைத்தியமே அந்த 70களின் ஓசைதான். 1972இல் வந்த, டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அவர்களுடைய கிட்டாரிஸ்ட் ரிட்சி பிளாக்மோர் பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) இல்லாமல் விரலாலேயே இரண்டிரண்டு தந்திகளாகச் சுண்டுவார். இரண்டு சுரமும் ஒன்றாக எழும். மெதுவாகத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் உறுமல். நல்ல வால்வு ஆம்ப் விரலுக்கு அப்படிப் பணியும்.

நானே திறந்து பார்க்கலாம்தான். ஆனால் உள்ளே சுமார் 300 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கபாசிட்டரில் நிற்கும். வேண்டாம் சாமி.

வால்வு மட்டும் மாற்றினால் போதுமா, கபாசிட்டரும் போயிருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆள் ஒயிட்ஃபீல்டில் இருந்தாலும் சரி, ஞாயிறு காலையில் டிராஃபிக்குக்கு முன்னால் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.