ஸ்லாத்தை (மரத்தில் தொங்கி மெல்ல நகரும் விலங்கு) நேரில் பார்த்தவர்கள், குழந்தைகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்

கோஸ்டா ரிக்காவின் மானுவேல் அன்டோனியோ காட்டில் முதலில் செக்ரோப்பியா மரத்தைத் தேடுங்கள், குட்டீஸ். விரித்த கைபோல அகன்ற இலை, கிளைகள் குறைவு. அதனால் உள்ளே இருப்பது தெரியும். கவட்டையில் பழுப்புப் பந்து தெரிந்ததும் கத்திவிடாதீர்கள், அது கறையான் கூடாகவும் இருக்கும். தொலைநோக்கியில் ரோமம் தெரிந்தால் ஸ்லாத். மழைக்காலத்தில் ரோமத்தில் பாசி படர்ந்து பச்சையாகிவிடும். ஹார்ப்பி கழுகின் கண்ணுக்குத் தப்ப அந்தப் பச்சை உதவும்.

*

ஈரிரல் ஸ்லாத்தா, மூவிரல் ஸ்லாத்தா என்று அறிய முன்னங்கை நகத்தை எண்ணுங்கள். பின்னங்காலை எண்ணினால் குழப்பம்தான், எல்லா ஸ்லாத்துக்கும் அங்கே மூன்று. கண்ணோரம் கறுப்புப் பட்டை இருந்தால் மூவிரல் வகை. நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்து முள்ளெலும்பு 7. இதற்கு 8 அல்லது 9. உடம்பைத் திருப்பாமலே தலையை முக்கால் வட்டம் சுற்றும்.

*

"ஏன் இவ்வளவு மெதுவா?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். சோம்பேறி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். இலையில் சத்து குறைவு. பல அறை கொண்ட வயிற்றில் நுண்ணுயிர்கள் அதை மெல்ல நொதிக்க வைக்கும். தின்றது செரித்து வெளியேறப் பல நாள் ஆகும். வரவு குறைவு என்பதால் செலவும் குறைவு. உடம்புச் சூட்டைக்கூட நம்மைப்போல ஒரே அளவில் வைக்காது, வெயில் காய்ந்து ஏற்றிக்கொள்ளும். குளிர் நீடித்தால் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், வயிறு நிறைய இலை இருந்தும் ஸ்லாத் பட்டினியால் சாகலாம்.

ஆய் போவதும் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் (இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை உண்டா!). எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒரே தடவையில் போய்விடும். அதற்காக மூவிரல் ஸ்லாத் தரைக்கே இறங்குகிறது, ஜாகுவார் பயம் இருந்தும். ரோமத்தில் வாழும் அந்துப்பூச்சிகள் அந்தச் சாணத்தில்தான் முட்டையிடும். ஆனால் ஸ்லாத் ஏன் இறங்குகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

*

ஒன்றைச் சேர்க்கிறேன். முகம் சிரிப்பது போலிருப்பது அதன் அமைப்பு. பயந்தாலும் அதே முகம்தான். தூக்கிப் படம் எடுக்கக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். சாலையில் கண்டால் கை வைக்காமல் வனக்காவலரைக் கூப்பிடுங்கள், நகம் ஆழமாகக் கீறும். காடு துண்டான இடங்களில் மின்கம்பியில் தொற்றி அடிபடுகின்றன. அதைத் தடுக்க கோஸ்டா ரிக்காவில் மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் குரங்குகளும் அதில் போகும்.