நோயுற்ற கணவரைப் பிரிவது கைவிடுவதாகுமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 36. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். திருமணமாகிப் 11 ஆண்டுகள் ஆகின்றன, 7 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் கணவருக்கு இருமுனை மனநோய் (மனம் சில காலம் அளவு கடந்து பொங்குவதும், சில காலம் சோர்ந்து விழுவதுமான நோய்) இருப்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தது. கல்லூரிக் காலத்தில் அவர் ஒருமுறை மருத்துவமனையில் இருந்ததை, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் வீட்டார் மறைத்துவிட்டார்கள்.

அந்த நோய்க்குக் கொடுத்த லித்தியம் மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிட்ட நான்கு ஆண்டுகள் எங்கள் வாழ்வின் நல்ல காலம். எனக்கு டைஃபாய்டு வந்தபோது பள்ளிக்கு மகளை அனுப்பிவிட்டு, வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். பிறகு, கை நடுங்குகிறது, தாகம் அடங்கவில்லை, மனமே மரத்துப்போயிற்று என்று சொல்லி, மருத்துவரைக் கேட்காமலேயே நிறுத்திவிட்டார். அதன்பின் மூன்று முறை நோய் ஏறியது. கடைசி முறை பத்து நாள்களாகத் தூக்கமே இல்லாமல், என் நகைகளை அடகு வைத்து, தொடங்கப்போகாத ஒரு தொழிலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். தடுத்தபோது என்னைச் சுவரில் தள்ளினார், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெளிந்த பிறகு அழுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். மாத்திரைப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். பிரிந்து போகிறேன் என்றால், "நீ போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்கிறார். சர்க்கரை நோய் வந்திருந்தால் விட்டுப் போவாயா என்று என் அம்மாவே கேட்கிறார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பொருநை எழுதியது:

சகோதரி, மனச்சிதைவு நோயுள்ள என் தம்பியை 19 ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி: நோய் வந்தது அவர் குற்றமன்று. ஆனால் சர்க்கரை நோய், வீட்டில் இருக்கும் குழந்தையை நடுங்க வைப்பதில்லை. அதே சமயம், நோய் ஏறியிருக்கும்போது தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதி. ஆகவே அந்த நாள்களில் அவர் சொல்வதையும் செய்வதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தெளிவாக இருக்கும் மாதங்களில் சிகிச்சையைப் பற்றி அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். என் அனுபவத்தில் அதுதான் அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு. 1950களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தாரிடமோ போனவர்கள் ஓரளவு நலமாக இருந்தார்கள். ஓயாத குறைகூறலும், பகைமையும், அளவு கடந்த கண்காணிப்பும் நோயை மீண்டும் கிளறுகின்றன என்பது அதைத் தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. இருமுனை நோயிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நான் அழுதேன். தம்பியின் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அடுத்த தெருவில் அவனுக்கு ஓர் அறை பார்த்தோம். மதியச் சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எங்களுக்குள் இப்போதுதான் பேச்சு இருக்கிறது.

பனைநிழல் எழுதியது:

எனக்கும் இருமுனை நோய் 22 வயதிலிருந்து இருக்கிறது. என் மனைவி ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்து சென்றார். நீங்கள் கேட்கும் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து என்னால் பேச முடியும்.

உங்கள் கணவர் சொல்லும் மரத்துப்போன உணர்வு பொய்யன்று. ஆனால் அதற்கு வழி இருக்கிறது: இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்து மருத்துவர் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். எனக்கு அப்படித்தான் மாற்றினார்கள். திடீரென்று நிறுத்துவதுதான் கொடுமை. அதன் பின் நோய் முன்னைவிட விரைவாகத் திரும்பக்கூடும். அதை நான் இரண்டு முறை செய்தேன்.

நான் இருக்க மாட்டேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னபோது மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை, உண்மையாகவே அப்படித் தோன்றியது. ஆகவே அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தச் சுமையை நீங்கள் ஒருவரே தூக்கவும் வேண்டாம். போவதற்கு முன்பே மருத்துவரிடமும் அவருடைய அண்ணன் தம்பியிடமும் சொல்லுங்கள், மாத்திரைகளை மொத்தமாக அவர் கையில் விடாதீர்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணை வீட்டில் எல்லாருக்கும் கொடுத்து வையுங்கள். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். என் மனைவி போகும்போது இவ்வளவும் செய்துவிட்டுத்தான் போனார். கைவிட்டுவிட்டார் என்று பல காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் மகன் பயமில்லாமல் வளர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்தினேன்.

சட்டப்படி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சில செய்திகள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தெளிவாக இருக்கும்போது உங்கள் கணவரே வெறும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தமக்கொரு நியமனப் பிரதிநிதியை, அதாவது சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணை நிற்பவரை, அமர்த்தலாம். நோய் ஏறினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அந்தப் பிரதிநிதி நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணனாக இருக்கலாம், நண்பராகவும் இருக்கலாம். பிரிவதென்று முடிவு செய்தால் இந்த ஏற்பாடு உங்கள் இருவருக்கும் காப்பு.

மணவிலக்கைப் பொறுத்தவரை, நோயின் பெயர் மட்டும் காரணமாகாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது தீவிரமானதா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988இல் கூறியது. ஆனால் தனியே வாழ நீங்கள் வழக்குத் தொடுக்க வேண்டியதே இல்லை. தள்ளியது நோயின் வேகத்தில் நடந்திருந்தாலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க உங்களுக்கு வழி உண்டு.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பனைநிழல் ஐயா எழுதியதை நேற்று இரவு என் கணவரிடமே படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, மருந்தை மாற்ற முடியும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார். வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். அவருடைய அண்ணன் பிரதிநிதியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் மகளோடு அக்கா வீட்டுக்குக் குடிபோவதென்று முடிவு செய்துவிட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், மாத்திரையும் பரிசோதனையும் ஓராண்டு தொடர்ந்தால் மறுபடி பேசுவோம் என்றேன். அது நடக்குமா என்று தெரியாது. நடக்காவிட்டாலும் நான் திரும்பிப் போகமாட்டேன் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும். மகளின் மிதிவண்டியை எடுத்துப் போகலாமா என்று கேட்டதற்கு, சக்கரத்துக்குக் காற்றடித்து வைக்கிறேன் என்றார்.