மகளுக்குப் பெயர் வேண்டும், இன்னும் 19 நாள்தான் இருக்கிறது

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். மகள் பிறந்து இன்றோடு 23 நாள். இங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், பெயர்தான் அமையவில்லை.

யாழினி என்றுதான் முதலில் முடிவு செய்தோம். வீட்டுக்கு வந்த தாதி எழுத்தைப் பார்த்து "யாஸ்ஹினி" என்றார். மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் ழகரம் வரவில்லை. பாவம், அவரும் மனதார முயன்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

நிலா பிடித்திருந்தது, ஆனால் அது அண்ணன் மகளின் பெயர். சரி, இங்கத்தைய பெயரே வைப்போம் என்று பார்த்தால், ஒலிவியா 2016 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் முதலிடம். வகுப்பில் இன்னொரு ஒலிவியா இருப்பாள். ஐலாவும் (ஆங்கிலத்தில் Isla) யோசித்தோம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா வாட்ஸ்அப்பில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு "ஆர் பிள்ளை இஸ்லா?" என்று கேட்டா.

பதிந்த பிறகும் 12 மாதத்துக்குள் பெயரை மாற்றலாம். அதை நம்பி ஏதோ ஒன்று வைக்க மனமில்லை.

இங்கே பிள்ளை வளர்ப்பவர்களிடம் கேட்கிறேன்: ஆசிரியரும் அம்மம்மாவும் ஒரே மாதிரி கூப்பிடுகிற தமிழ்ப் பெண் பெயர் எது?