கடலூர்–புதுச்சேரி பக்கம் மின்குப்பை பிரிக்கிற யூனிட்: கணக்கு எங்க உதைக்கும்?

கெடிலக்கரை:
கிருமாம்பாக்கம் பக்கம் 2,000 சதுர அடி ஷெட் வாடகைக்குப் பார்த்திருக்கேன். காலேஜ், ஸ்கூல், சின்ன ஆஸ்பத்திரிகள்ல கழிச்சுக்கட்டுற கம்ப்யூட்டர், பழைய டிவி, யுபிஎஸ் எடுத்து, நாலு ஆளை வச்சுக் கையால பிரிச்சு, பெரிய ரீசைக்ளருக்கு அனுப்புறதா திட்டம். ஆசிட் வேலை, ஒயர் எரிக்கிற வேலை கிடையாது. டிஸ்மேன்ட்லர் (பிரிக்கிறவர்) லைசென்ஸ் எங்க வாங்கணும்? எதை எடுத்தா கையைக் கடிக்கும்? காயலான் கடை ரேட்டுக்கு எப்படி ஈடு கொடுக்கிறது?

முள்ளோடை:
முதல் கேள்வியிலயே சிக்கல் இருக்கு. 2022 மின்குப்பை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு. அதுல பதிவுப் பிரிவு நாலுதான்: உற்பத்தி ஆலை, புரொடியூசர் (பிராண்ட் கம்பெனி, இறக்குமதி பண்றவர்), ரீஃபர்பிஷர் (பழசைச் சரிபண்ணி விக்கிறவர்), ரீசைக்ளர். தனியா டிஸ்மேன்ட்லர்னு பதிவு இப்போ இல்லை. ஒண்ணு, ரீசைக்ளராவே பதிவு பண்ணணும். இல்லைன்னா பதிவுள்ள ஒருத்தரோட எழுத்துல ஒப்பந்தம் போட்டு, அவருக்குச் சேகரிப்பு மையமா மட்டும் இருக்கணும். நாலு ஆள் யூனிட்டுக்கு ரெண்டாவதுதான் சரி. ஆனா அப்போ ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி, பிரிக்கிற வேலை யார் பதிவுல, எந்த இடத்துல நடக்குதுன்னு கேட்டுத் தெளிவாக்கிக்குங்க.

ஷெட் முள்ளோடை எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிறதும் முக்கியம். கிருமாம்பாக்கம்னா புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். செக்போஸ்ட் தாண்டிட்டா தமிழ்நாடு வாரியம். ஒரு பக்கம் வாங்கின கன்சென்ட் (இயங்க அனுமதி) மறுபக்கம் செல்லாது. சரக்கை 180 நாளுக்கு மேல தேக்கி வைக்கக் கூடாது, எடை ரிஜிஸ்டர் ஒழுங்கா இருக்கணும்.

ஒப்பந்தத்துல இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்க. இபிஆர் சான்றிதழ் (இவ்வளவு குப்பையை மறுசுழற்சி பண்ணியாச்சுங்கிற கணக்கு, புரொடியூசர்கள் காசு கொடுத்து வாங்குவாங்க) ரீசைக்ளர் பேர்லதான் வரும், காசும் அவருக்குத்தான். 2024 செப்டம்பர்ல அதுக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய்னு அரசு வச்சதை எதிர்த்துப் பெரிய கம்பெனிகள் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கு. அது எப்படி முடிஞ்சாலும், அந்தத் தொகையில உங்க பங்கு எவ்வளவுன்னு இப்பவே எழுதி வாங்கிக்கிறது நல்லது.

யோக்காயில்:
கையைக் கடிக்கிறதுல முதல் ஆள் பிக்சர் டியூப் டிவி. எடையில பாதிக்கு மேல கண்ணாடி. பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில ஈயம் இருக்கு. புது டியூப் செய்ற ஆலைகள் மூடினதுக்கு அப்புறம் அதை வாங்க ஆள் இல்லை, அப்புறப்படுத்த நீங்கதான் காசு கொடுக்கணும். டியூப் கழுத்தைச் சுத்தியிருக்கிற கம்பிச் சுருள்ல (யோக்) இருக்கிற செம்பை நம்பித்தான் எல்லாரும் வாங்குறாங்க. மலிவு செட்ல அது அலுமினியக் கம்பியா இருக்கும், மேல வார்னிஷ் பூசினதால செம்பு மாதிரியே தெரியும். அரத்தால ஒரு இழு இழுங்க. வெள்ளையா மின்னினா ஏமாந்தோம்னு அர்த்தம்.

டியூபைச் சுத்தியலால தட்டவே கூடாது, உள்ளே வெற்றிடம். முதல்ல ஆனோடுல (ரப்பர் மூடிக்கு அடியில இருக்கிற ஹை வோல்டேஜ் முனை) தேங்கின மின்சாரத்தை எர்த் பண்ணி இறக்குங்க. கழுத்து நுனியில பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா பின்களுக்கு நடுவுல சின்னக் கண்ணாடிக் காம்பு இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை போட்டு, டியூப் மேல சாக்கைப் போர்த்தி, காம்பைக் குறடால கிள்ளினா உஸ்ஸுனு காத்து உள்ளே போகும். அதோட நிறுத்திக்கிட்டு முழுசாவே அனுப்புங்க. உடைச்சா உள்பக்கப் பவுடர் பறக்கும்.

எல்சிடி மானிட்டர்ல பழைய மாடல்னா பின்விளக்கு மெல்லிசான பாதரச டியூப். ஓரத்துல வெள்ளையும் பிங்க்குமா ஜோடி ஒயர், சின்ன இன்வெர்ட்டர் போர்டு இருந்தா அதுதான். உடையாம எடுத்து, ரெண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி பைப்புக்குள்ள வைங்க. எல்இடி மாடல்ல இந்தத் தொல்லை இல்லை.

போர்டைக் கலக்காதீங்க. பச்சை மதர்போர்டுக்கும் டிவியோட பழுப்பு போர்டுக்கும் ரேட் மலைக்கும் மடுவுக்கும். ஒரே மூட்டையில போட்டா பழுப்பு ரேட்தான் கிடைக்கும். பவர் சப்ளையைத் திறக்கிறப்போ பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டுத் தொடுங்க.

அரியாங்குப்பம்_பிளாஸ்டிக்:
பிளாஸ்டிக்கை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை, அங்கதான் நிறைய பேர் கவுந்திருக்காங்க. நிறைய டிவி கூடுல நெருப்புத் தடுக்க புரோமின் சேர்த்திருக்கும், பிளாஸ்டிக்கை உருக்கி மணியாக்குற நல்ல கிரானுல் ஆலை அதை எடுக்காது. அதைப் பிரிச்சுப் பார்க்க 10 லிட்டர் தண்ணிக்கு 1.7 கிலோ உப்பு கரைங்க, மரக்காணம் கல்லுப்பே போதும். நாலு சொட்டு சோப்புத் தண்ணி விடுங்க, இல்லைன்னா குமிழ் ஒட்டிக்கிட்டு முங்க வேண்டியதும் மிதக்கும். துண்டுகளைப் போட்டா சாதா ஏபிஎஸ் (கூடு செய்ற பிளாஸ்டிக்) மிதக்கும், புரோமின் சேர்த்தது முங்கும். பாலிகார்பனேட் கலந்ததும் முங்கும்தான். அதனால மிதக்கிறதை மட்டும் நம்பி விக்கலாம், முங்கினதைத் தனியா வச்சு ரீசைக்ளர்கிட்ட கேளுங்க.

ரேட் விஷயம். வீட்டு டிவிக்குக் காயலான் கடையோட மல்லுக்கட்டாதீங்க. அவர் கழிவை ஏரிக்கரையில கொட்டுவார், அந்தச் செலவு அவருக்கு இல்லை. ஆஸ்பத்திரி, காலேஜ்ல ஹார்ட் டிஸ்க் அழிச்சதுக்குச் சான்று, சீரியல் நம்பர் லிஸ்ட், பில் கேப்பாங்க. அதைக் கொடுக்க அவரால முடியாது. அங்க போய் நில்லுங்க. கிலோ ரேட் பேசாம உருப்படி ரேட் பேசுங்க. ராம், புராசசர், டிஸ்க் உருவியிருந்தா ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு ரூபாய் கழிச்சுக்குவோம்னு கொட்டேஷன்லயே போட்டுடுங்க. லோடு வந்து இறங்கினதுக்கு அப்புறம் பேசினா கேக்க மாட்டாங்க.

கெடிலக்கரை:
நன்றி. யுபிஎஸ் பேட்டரி, லேப்டாப் பேட்டரி?

யோக்காயில்:
ரெண்டும் 2022 பேட்டரி விதிகள்ல வரும், அதுக்குத் தனிப் பதிவு. ஈய பேட்டரியில ஆசிட்டைக் கீழே ஊத்தி எடை போடுற பழக்கம் வேண்டாம், நிமிர்த்தி வச்சு நிரம்பினபடியே அனுப்புங்க. லித்தியம் பேக்கைப் பிரிக்காதீங்க, முனையில டேப் ஒட்டுங்க. உப்புத் தண்ணியில ஊறப்போட்டா சார்ஜ் இறங்கும்னு வீடியோல சொல்றாங்க, முனை அரிச்சு செல் ஒழுகும்.

நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னாடி ஷெட்டைக் காலி பண்ணப் பாருங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மாதிரி வந்தா தரையில வச்சது எல்லாம் முங்கும். வெள்ளத்துல நனைஞ்ச லித்தியம் பேட்டரி காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் நாள் கழிச்சுத் தீப்பிடிக்கலாம். அதையும் வீங்கி உப்பின பேட்டரியையும் ஷெட்டுக்கு வெளியே, மழை படாத இடத்துல, காஞ்ச மணல் போட்ட இரும்பு டிரம்ல வைங்க. மூடியை இறுக்காதீங்க.