ஹேட்ரியன் சுவரோரம் நடக்க முழங்கால் தாங்குமா?

கேள்வி:
ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசிலில் உள்ள மகளிடம் போகிறேன். 122ஆம் ஆண்டில் ரோமர் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரோரம் நடக்க ஆசை. முழுப் பாதை 135 கிலோமீற்றராம்! வயது 61. தினமும் திருகோணமலையில் கோணேசர் மலை ஏறி இறங்குவதே என் பயிற்சி. எந்தப் பகுதி நல்லது?

பதில்:
ஐயா, ஹவுஸ்டெட்ஸ் கோட்டையிலிருந்து ஸ்டீல் ரிக் வரை போதும், ஏறக்குறைய 5 கிலோமீற்றர். கற்படிகள் செங்குத்தானவை; கைத்தடி அவசியம். கோட்டையில் சிப்பாய்களின் பொதுக் கழிப்பறையையும் பாருங்கள், சிரித்துவிடுவீர்கள்.

இன்னொரு பதில்:
கோர்பிரிட்ஜ் கிராமத்தையும் விடாதீர்கள். அங்குள்ள தேவாலயத்தில் ரோமர் வளைவொன்றையே பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
அப்படியா? நம் ஊர் பிரெட்றிக் கோட்டையிலும் போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் கற்கள்தானே! கைத்தடி வாங்கிவிட்டேன், தம்பி.