பலூனில் பறந்த துண்டுச்சீட்டு: அசலா, மறுபதிப்பா?

நண்பர்களே, பழைய காகிதங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

1845-இல் ஆர்க்டிக் போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளினின் குழு திரும்பவில்லை. 1850-51-இல் அவர்களைத் தேடிப் போன பிரிட்டிஷ் கேப்டன் ஆஸ்டினின் கப்பல்கள் பனியில் உறைந்து நின்றன. கப்பலிலேயே அச்சு இயந்திரம் வைத்து, தங்கள் இருப்பிடத்தைச் சின்னச் சீட்டுகளில் அடித்து, மெதுவாக எரியும் திரியில் கட்டி ஹைட்ரஜன் பலூனில் பறக்கவிட்டார்கள். திரி எரிய எரியச் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் தேடப்பட்டவர்கள் கையில் எதுவும் சிக்கியதாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு சீட்டு என்று சொல்லி ஒரு பழைய ஆல்பத்தோடு எனக்கு விற்றார்கள். நீலக் காகிதம், உள்ளங்கை அளவு. பின்பக்கம் தடவினால் எழுத்து அழுந்திய தடம் லேசாகத் தட்டுப்படுகிறது. லென்ஸில் எழுத்தின் விளிம்பில் மை கொஞ்சம் தடித்திருக்கிறது, படநகல் அச்சில் தெரியும் சின்னப் புள்ளிகள் இல்லை. புறஊதா விளக்கில் இன்றைய வெள்ளைத் தாள் ஒளிர்வதுபோல் இது ஒளிரவில்லை. ஆனால் பிற்காலத்தில் பழைய தாளில் அச்சுக்கோத்து அடித்திருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?

வேறு என்ன பார்க்கலாம்? அசலை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா? அப்புறம், ஆல்பத்தில் பசையால் ஒட்டியிருக்கிறது. பிரிக்கலாமா, அப்படியே விடலாமா? படம் கமெண்டில் போடுகிறேன்.